அறிமுகமில்லாத நகரத்தில் குடியேறியபோது உங்களுக்கு மிகவும் புதிதாகத் தோன்றியது எது?

தூத்துக்குடியிலிருந்து வேலை மாற்றலில் கொல்கத்தாவுக்குப் போனவன் நான். கிளம்பும்போது சொந்தபந்தம் எல்லாம் மொழியைப் பற்றியும் கடுகெண்ணெயைப் பற்றியும்தான் எச்சரித்து அனுப்பியது. அவ்விரண்டும் சீக்கிரமே பழகிவிட்டன. கடைக்காரரும் பேருந்து நடத்துநரும் என் அரைகுறை இந்திக்கு ஈடுகொடுத்தார்கள். கடுகெண்ணெயின் நெடி இல்லாவிட்டால் மீன் குழம்பில் ஏதோ குறைகிறது என்று நாக்கே சொல்லத் தொடங்கிவிட்டது. ஆனால், எந்த நேரத்தில் அந்த நகரம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது பிடிபட, எல்லாப் பருவங்களும் ஒருமுறை வந்துபோக வேண்டியிருந்தது. ஆகவே, இக்கேள்விக்கு என் பதில் கொல்கத்தாவின் நேரம் என்பதே.

முதலில் சூரியனைச் சொல்ல வேண்டும். கொல்கத்தா தூத்துக்குடியைவிடத் தீர்க்கரேகையில் ஏறத்தாழ 10 பாகை கிழக்கே இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால் அங்கே பொழுது சுமார் 40 நிமிடம் முந்திக்கொள்கிறது. கடிகாரமோ இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். அதோடு வடக்கே தள்ளி இருப்பதால் கோடைப் பகல் நீள்கிறது, குளிர்காலப் பகல் சுருங்குகிறது. ஜூன் மாதத்தில் காலை ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது. டிசம்பர் தொடக்கத்தில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் அடைந்துவிடுகிறது. எங்கள் ஊரில் அதே மாதத்தில் ஆறு மணியை ஒட்டித்தான் பொழுது சாயும். அலுவலகத்தில் மாலைத் தேநீருக்கு எழுந்து ஜன்னலருகே போனால் தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். வீட்டுக்குக் கிளம்பும் நேரம் வந்துவிட்டது என்று உடம்பு சொல்லும், மேலாளர் சொல்ல மாட்டார்.

இந்தப் பொருத்தமின்மையை அந்நகரத்தார் இலேசில் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். நாடு முழுமைக்கும் பொதுவான இந்தியத் திட்ட நேரம் 1906-இல் நடைமுறைக்கு வந்த பிறகும், அதைவிட ஏறக்குறைய 24 நிமிடம் முந்திய தன் சொந்த நேரத்தைக் கல்கத்தா 1948 வரை கைவிடாமல் வைத்திருந்தது. அதற்கும் முந்தைய காலத்தில் இந்திய ரயில்கள் மதராஸ் நேரத்தைப் பின்பற்றி ஓடின. நுங்கம்பாக்கத்து வானாய்வு நிலையத்தின் கணக்கைப் பார்த்து ஹௌராவில் வண்டி பிடித்த வங்காளிகளும் இருந்திருப்பார்கள் என்று நினைக்கையில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

சீக்கிரம் விடிவதன் பயனை முழுதாக அனுபவிப்பது அங்கே காலைச் சந்தைதான். நான் குடியிருந்தது தென் கொல்கத்தாவில், தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழும் லேக் மார்க்கெட் பக்கம். காப்பித்தூள், அப்பளம், மல்லிகைச் சரம் எல்லாம் அங்கே கிடைக்கும் என்பதால் தமிழர்களுக்கு அப்பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மீன் பகுதியைத்தான் சொல்ல வேண்டும். மேடைமேல் குந்தியிருக்கும் மீன்காரர், நம் அரிவாள்மணையின் பெரியப்பா என்று சொல்லத்தக்க 'பொட்டி'யின் அடிப்பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு, ஆறேழு கிலோ கட்லாவை இரு கைகளாலும் ஏந்தி, நிமிர்ந்து நிற்கும் அந்த அலகின்மீது தள்ளி இரண்டாகப் பிளப்பார். கத்தி அசைவதில்லை, மீன்தான் அசைகிறது. எதிரே நிற்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், அதிலும் ஓய்வுபெற்றவர்கள். செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்த்து, வயிற்றுத் துண்டா முதுகுத் துண்டா என்று வாதாடி, தலையைத் தனியே பேசி முடித்து, நைலான் பையில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். கடல் மீனில் வளர்ந்த எனக்கு ஆற்று மீனின் மெல்லிய முள்ளைப் பிரிப்பது பெரும் பாடாக இருந்தது. அதைவிடப் பெரிய பாடு, அந்தச் சந்தையைத் தூங்கி எழுந்து சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட முடியாதது. நல்ல மீன் ஒன்பது மணிக்குள் போய்விடும்.

பகல் ஒரு மணி தாண்டினால் எங்கள் தெருவின் மளிகைக் கடை, எழுதுபொருள் கடை, தையற்கடை எல்லாம் கதவை இழுத்து மூடிவிடும். பேரங்காடிகளும் அலுவலகப் பகுதிகளும் இதற்கு விலக்கு. ஆனால் பழைய குடியிருப்புகளில் மதியச் சோறும் அதற்குப் பிந்தைய உறக்கமும் வியாபாரத்தைவிட மேலானவை. பாதி இறங்கிய கதவுக்குக் கீழே குனிந்து ஒரு பல்ப் கேட்டதற்கு, கடைக்காரர் சிறிதும் கோபமில்லாமல், "பிகேலே ஆஷுன்" என்றார், சாயங்காலம் வாருங்கள் என்று. பல்பு அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பினால் வியாபாரம் கெடும் என்று நம்பும் ஊரிலிருந்து வந்தவனுக்கு அந்த நிதானம் முதலில் எரிச்சலூட்டியது. மெல்ல மெல்லப் பொறாமையாக மாறியது.

மூடிய தெரு மாலையில் மறுபடி திறக்கும்போது இன்னொரு நாளே தொடங்கிவிடுகிறது. அரிசிப்பொரியும், எண்ணெயில் பொரித்த பலகாரங்களும் விற்கும் கடைகளில் கூட்டம் கூடும். மண் குவளைத் தேநீரோடு வீட்டுத் திண்ணைகளிலும் மன்ற வாசல்களிலும் உட்காருபவர்கள் கால்பந்தில் தொடங்கி அரசியல்வரை பேசிவிட்டு ஒன்பது மணிக்குமேல்தான் எழுந்து போவார்கள். இரவுச் சாப்பாடு பல வீடுகளில் பத்து மணிக்கு. விடியலும் சீக்கிரம், உறக்கமும் தாமதம் என்றால் அவர்கள் எப்போதுதான் தூங்குகிறார்கள் என்ற சந்தேகத்துக்கு அந்த மதிய உறக்கமே விடை.

போக்குவரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டோக்கள் குறிப்பிட்ட தடத்தில் மட்டும் பங்கு முறையில் ஓடுவதால் பேரம் பேசும் வேலை இல்லை. சில்லறை மட்டும் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முழுப் பயணமும் உபதேசம்தான். மெட்ரோவில் தெற்கே போகும் தடத்தில் பல நிலையங்களுக்குப் பகுதியின் பெயருக்குப் பதிலாகப் பெரியோர்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். டாலிகஞ்சுக்குப் போக விரும்புபவர் மகாநாயக் உத்தம்குமார் நிலையத்திலும், பான்ஸ்துரோணிக்குப் போக விரும்புபவர் மாஸ்டர்தா சூர்யசென் நிலையத்திலும் இறங்க வேண்டும். இதைப் பட்டியல் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

ஆண்டின் நேரக் கணக்குக்கு வருகிறேன். கொல்கத்தாவில் ஆண்டு இரண்டே பகுதிகள்தான்: துர்கா பூஜைக்கு முன், பூஜைக்குப் பின். ஆகஸ்ட் பிற்பாதியிலிருந்தே குழாய் பழுதுபார்ப்பவர், தச்சர், வீட்டுத் தரகர், அலுவலகக் கணக்குப் பிரிவு என யாரிடம் எதைக் கேட்டாலும் பூஜை முடியட்டும் என்ற பதில் வரத் தொடங்கிவிடும். தெருவை அடைத்து மூங்கில் சாரம் எழும்பும். கடியாஹாட்டில் துணி வாங்கும் நெரிசலில் நடைபாதையைக் கடப்பதே ஒரு பயணமாகிவிடும். நமக்கு நவராத்திரி என்றால் கொலு, சுண்டல், சைவச் சமையல். அங்கே அதே நாட்களில் மீனும் ஆட்டிறைச்சியும் தாராளமாக உண்டு. யுனெஸ்கோ 2021-இல் இவ்விழாவை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. விழா நாட்களில் மெட்ரோ விடியற்காலை வரை ஓடுகிறது. அதிகாலை மூன்று மணிக்குக் கைக்குழந்தையோடும் பாட்டியோடும் குடும்பம் குடும்பமாகப் பந்தல் பார்த்துக்கொண்டு நடப்பவர்களிடம் பெண்கள் இரவில் வெளியே வருவதைப் பற்றிய நம் ஊர்க் கவலைகள் எதுவும் தென்படாது. என்னைக் கேட்டால், அந்நகரத்தை விரும்புவதற்கு அந்த இரவுகள் மட்டுமே போதும்.

குளிர்காலம் வந்தால் நோலன் குட். ஈச்ச மரத்தின் உச்சியில், மட்டைகளுக்குக் கீழே தண்டைச் சீவி, இரவில் இறங்கும் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் புது வெல்லம் அது. உடன்குடிக் கருப்பட்டியில் வளர்ந்தவனுக்கு அதன் வாசனை அந்நியமாகத் தெரியவில்லை. ஆனால் எங்கள் பக்கம் பனை பதநீர் தருவது வெயில் காலத்தில், அங்கே ஈச்சமரம் தருவது பனிக்காலத்தில். பிப்ரவரி தாண்டிவிட்டால் அந்த வெல்லத்தில் செய்த சந்தேஷ் என்ற பால் இனிப்புக்கு அடுத்த குளிர்காலம்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கடைசியாக, குடிபோக எண்ணுபவர்களுக்குப் பயன்படும் ஒரு செய்தி. மழை நீர் வடிவதற்கும் அங்கே நேரம் உண்டு. ஹூக்ளி ஆற்றில் கடலின் ஏற்றவற்றம் நகரம்வரை எட்டுகிறது. நீர் ஏறும் மணிகளில் ஆறு வடிகாலுக்குள் புகுந்துவிடாதபடி மதகுகளை மூடிவிடுவார்கள். அந்நேரத்தில் பெருமழை பெய்தால் வடக்குக் கொல்கத்தாவின் தந்தனியா, ஆம்ஹர்ஸ்ட் தெரு போன்ற தாழ்ந்த பகுதிகளில் நீர் முழங்காலளவு நின்றுவிடும். வற்றம் தொடங்கி மதகு திறந்த பிறகுதான் இறங்கும். ஆகவே வீடு பார்க்க ஜனவரியின் இதமான வெயிலில் போகாதீர்கள். ஜூலையிலோ ஆகஸ்டிலோ, நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போய், தரைத்தளத்துச் சுவர்களில் ஈரக்கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.