சொரோயாவின் கடற்கரை: கேள்வியும் பதிலும்

ஸ்பெயினின் வலென்சியாவில் பிறந்த ஹோவாகின் சொரோயா (1863–1923) கடலோர உழைப்பாளிகளை வரைந்த ஓவியங்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். முதலிலேயே ஒரு வேண்டுகோள்: கைப்பேசித் திரையில் கண்ட நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்துவிடாதீர்கள்.

கேள்வி: 'பாய் தைத்தல்' ஓவியத்தில் படகின் பாய்த்துணி வெயிலில் ஒளிர்கிறது. நான் பூசினால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது போல் இருக்கிறதே, ஐயா?

பதில்: நீங்கள் வெள்ளையைப் பூசுகிறீர்கள், அவர் வெளிச்சத்தைப் பூசினார். 1896இல் வரையப்பட்டு இன்று வெனிஸ் நகரின் கா பேசரோ அருங்காட்சியகத்தில் உள்ள அந்த ஓவியத்தில், ஏறத்தாழ 3 மீட்டர் அகலமுள்ள கித்தானின் நடுப்பகுதியை ஒரே ஒரு பாய்த்துணி அடைத்துக்கொண்டு கிடக்கிறது. இலைகளின் இடுக்கில் வெயில் விழும் இடங்களில் மஞ்சள் கலந்த வெள்ளையும், மடிப்புகளின் நிழலில் ஊதாவும் நீலமும், செடிகளின் பக்கம் மெல்லிய பச்சையும் இருக்கின்றன. வெள்ளைத் துணி தன்னைச் சுற்றியுள்ள எல்லா நிறத்தையும் வாங்கிக்கொள்ளும். ஒரு வேட்டியை மரத்தடியில் விரித்து அரைமணி நேரம் பாருங்கள். பிறகு தூரிகையை எடுங்கள்.

கேள்வி: அவர் இம்ப்ரஷனிஸ்ட் தானே?

பதில்: கணநேர ஒளியைப் பிடிக்க முயன்ற பிரெஞ்சு ஓவியர் குழுவின் அந்தப் பெயரைப் பெயர்ப்பலகையாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் 1885இல் பாரிஸ் சென்றபோது அவரைக் கவர்ந்தவர் வயல் உழைப்பாளிகளை வரைந்த ஓவியர் பஸ்தியான் லெபாஜ். திறந்தவெளியில் வேகமாக வரைவதும் நிறமுள்ள நிழல்களும் அந்த இம்ப்ரஷனிஸ்டுகளோடு அவருக்குப் பொதுவானவை. உருவங்களைக் கரையவிடாமல் உடலின் எடையைக் காட்டுவது அவருடைய வழி. ஸ்பானியர்கள் இதை 'லுமினிஸ்மோ', அதாவது ஒளியை முதன்மையாக்கும் பாணி, என்கிறார்கள்.

கேள்வி: கடலுக்குள் மாடுகள் எதற்கு?

பதில்: நல்ல கேள்வி. வலென்சியாவின் கபான்யால் பகுதி மீனவர்கள் படகுகளை மணற்கரையிலேயே ஏற்றிவைத்தார்கள். பாரமான அந்தப் படகுகளை இழுக்க எருதுகளை அலைக்குள் இறக்கிக் கயிறு மாட்டினார்கள். அந்த எருதுகளைக் கட்டிவைத்த 'எருதுகளின் வீடு' என்ற கட்டடம் அங்கே இன்றும் நிற்கிறது. 1894இல் வரைந்த 'மீன்பிடித்துத் திரும்புதல்' ஓவியத்தைப் பிரெஞ்சு அரசு வாங்கியது. அது இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. 1903இல் வரைந்த, 4 மீட்டருக்கும் மேல் அகலமான 'மாலை வெயில்' நியூயார்க்கின் ஹிஸ்பானிக் சொசைட்டி என்ற அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டிலும் மாட்டின் தோளும் மனிதனின் தோளும் ஒரே பாரத்தை இழுக்கின்றன.

கேள்வி: வறுமையை வெயில் பூசி அழகாக்கி விற்றவர் என்றே நான் நினைக்கிறேன்.

பதில்: அதே 1894இல் வரைந்த 'இன்னும் மீன் விலை அதிகம் என்கிறார்கள்!' என்ற ஓவியத்தைப் பார்த்தீர்களா? படகின் இருண்ட அடித்தட்டில் அடிபட்டுக் கிடக்கும் இளைஞனை இரண்டு முதியவர்கள் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் அன்று பிடித்த மீன்கள். ஓவியத்தில் வெயில் இல்லை, ஏனென்றால் அந்த இடத்தில் வெயில் இல்லை. கரையில் வெயில் இருந்தது, ஆகவே கரையை அப்படி வரைந்தார்.

மறுகேள்வி: பிற்காலத்தில் வெள்ளை உடைச் சீமாட்டிகளைத்தானே வரைந்தார்?

பதில்: இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 1909இன் 'கடலோர உலா'வில் மனைவியும் மகளும் நடக்கிறார்கள், உழைப்பவர் யாருமில்லை. ஆனால் 1919இல், ஹிஸ்பானிக் சொசைட்டிக்கான 14 பெரிய ஓவியங்களின் வரிசையை ஸ்பெயினின் தெற்கிலுள்ள அயமொந்தே துறைமுகத்துச் சூரை மீன்களோடும் அவற்றைக் கையாளும் மீனவர்களோடும் முடித்தார். வெயில் அங்கே துணிப்பந்தல் வழியாக இறங்குகிறது. நடுவில் அவர் விலகிப்போனதை ஒப்புக்கொள்கிறேன். விட்டுவிட்டார் என்பதை ஏற்கமாட்டேன்.

கேள்வி: இம்ப்ரஷனிஸ்டா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

பதில்: மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மாமனார் புகைப்படக்காரராமே? படத்தைப் பார்த்துத்தான் வரைந்தாரா?

பதில்: மாமனார் அந்தோனியோ கார்சியா பெரிஸ் புகைப்படக்காரர்தான், இளமையில் சொரோயா அவருடைய நிலையத்தில் வேலையும் செய்தார். ஆனால் கறுப்பு வெள்ளையான அக்காலப் புகைப்படத்தில் நிழல் ஊதாவாக விழாது.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு பழைய கடற்கரை ஓவியம் உள்ளது. அலைபேசியில் எடுத்து அனுப்பினால் மதிப்புச் சொல்வீர்களா?

பதில்: மாட்டேன். ஓவியத்தை நேரில் கையிலெடுத்துப் பார்க்கும் மதிப்பீட்டாளரிடம் போங்கள். திரையைப் பற்றி முதலிலேயே சொன்னேன்.

கேள்வி: நேரில் பார்க்க எங்கே தொடங்குவது?

பதில்: மாட்ரிட்டில் அவர் வாழ்ந்த வீடே 1932 முதல் அருங்காட்சியகம். அங்கே.