சௌந்தரம் அம்மையார் நம் சீமைக்காரரா?

கேள்வி: காந்திகிராமம் என்னும் கிராமத் தொண்டு நிறுவனத்தைத் தொடங்கிய டாக்டர் சௌந்தரம் எங்கள் ஊர்க் குடும்பத்தில் வந்தவர் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– வாசகி, திருக்குறுங்குடி

பதில்: உண்மைதான். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய அவருடைய தந்தை டி.வி. சுந்தரம் ஐயங்கார், நம்பி பெருமாள் கோயில் கொண்டிருக்கும் உங்கள் திருக்குறுங்குடியில் பிறந்தவர். சௌந்தரம் 1904 ஆகஸ்டு 18-ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தையின் தொழில் மதுரையில் வேரூன்றியதாலும், மகளின் பணி திண்டுக்கல் பகுதியில் அமைந்ததாலும், அவரை நம் மாவட்டத்தோடு சேர்த்து நினைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

கேள்வி: செல்வந்தரின் மகள் என்பதால்தான் அவருக்குச் சட்டமன்றமும் பதவியும் எளிதாக வாய்த்தன என்று என் நண்பர் வாதிடுகிறார். தங்கள் கருத்து என்ன?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தந்தையின் செல்வம் அவர் படிப்புக்குத் துணைநின்றது, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், இளம் வயதிலேயே மணமாகி, மருத்துவரான கணவரையும் விரைவில் இழந்த ஓர் ஐயங்கார் வீட்டுப் பெண்ணுக்கு அந்நாளில் ஊரும் உறவும் விதித்திருந்த வாழ்க்கை எது என்பதைத் தங்கள் நண்பர் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த நிலையிலிருந்து புறப்பட்டு, டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936-இல் மருத்துவரானார் என்பதே என் பார்வையில் அவர் வாழ்வின் முதல் வெற்றி. அங்கு உடன் பயின்ற, பின்னாளில் காந்தியடிகளின் மருத்துவராக இருந்த சுசீலா நய்யார் வழியாகக் காந்தியடிகளின் அறிமுகம் கிடைத்தது.

வேறு சமூகத்தைச் சேர்ந்த, மலையாள நாட்டுக் காந்தியவாதி ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொள்ள அவர் விரும்பியபோது பெற்றோர் உடன்படவில்லை. ஓராண்டு பிரிந்திருந்து மனவுறுதியைச் சோதித்துப் பாருங்கள் என்று காந்தியடிகள் சொல்ல, இருவரும் அவ்வாறே காத்திருந்து 1940-இல் அவருடைய ஆசியோடு மணந்துகொண்டார்கள். குடும்பச் செல்வத்தின் நிழலே போதும் என்று இருந்திருப்பவர் இந்த வழியைத் தேர்ந்திருக்க மாட்டார்.

அதன்பின் கஸ்தூரிபா நினைவு அறக்கட்டளையின் பிரதிநிதியாகி, சின்னாளப்பட்டியில் சிறியதொரு மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். 1947-இல் கணவரோடு சேர்ந்து காந்திகிராமத்தை நிறுவினார். பிரசவத்தில் தாய்மார்கள் மாண்டுபோவது கிராமங்களில் வழக்கமாக இருந்த காலம் அது. அந்த வீடுகளுக்கு மருத்துவராகச் சென்று பழகிய பிறகே, 1952-இல் ஆத்தூர்த் தொகுதியில் (தாமிரபரணிக் கரையில் உள்ள நம் ஆத்தூர் அல்ல, திண்டுக்கல்லை அடுத்த ஆத்தூர்) காங்கிரஸ் வேட்பாளராக நின்று வென்றார். மக்களுக்கு அவர் முதலில் மருத்துவர், பிறகுதான் வேட்பாளர். இந்த வரிசையை மறந்துவிட்டு அவருடைய அரசியலை எடைபோடுவது நியாயமாகாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அவர் எந்தெந்தப் பதவிகளை வகித்தார்? காந்திகிராமத்தை நாங்கள் பார்க்க இயலுமா?
– கல்லூரி மாணவி, அம்பாசமுத்திரம்

பதில்: 1957-இல் வேடசந்தூரிலிருந்து மீண்டும் சட்டமன்றத்துக்கும், 1962-இல் திண்டுக்கல்லிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டு, மத்திய அரசில் கல்வித் துணை அமைச்சராகப் பணியாற்றினார். பத்மபூஷண் விருது பெற்றதும் 1962-இல்தான். தமிழகமெங்கும் காங்கிரஸ் சரிந்த 1967 தேர்தலில் அவரும் தோற்றார். தோல்விக்குப் பின் வேறு பதவி தேடி அலையாமல் காந்திகிராமத்துப் பணிக்கே திரும்பியதை நான் பெரிதாக மதிக்கிறேன். அங்கிருந்த ஊரக உயர்கல்வி நிறுவனம் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றதை அவர் கண்டார், 1984-இல் மறைந்தார்.

தாங்கள் தாராளமாகச் சென்று பார்க்கலாம். மதுரை – திண்டுக்கல் பாதையில் அம்பாத்துரை ரயில் நிலையத்துக்கு அருகில் காந்திகிராமம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தோடு நின்றுவிடாமல், கஸ்தூரிபா மருத்துவமனையையும் பார்த்து வாருங்கள். அவருடைய பணி தொடங்கியது மருத்துவத்தில்தான்.