எஃப்.ஏ. கப் என்றால் என்ன? லீக் இருக்கும்போது அது எதற்கு?

இங்கிலாந்து கால்பந்து சங்கம் (எஃப்.ஏ.) கிளப்புகளுக்காக நடத்தும் நாக்-அவுட் போட்டிதான் எஃப்.ஏ. கப். தோற்றால் அன்றோடு வெளியே, அவ்வளவுதான். எல்லா அணியும் ஒன்றோடொன்று ஆடிப் புள்ளி சேர்க்கும் லீக்கில் ஒரு மேட்ச்சைக் கோட்டை விட்டாலும் அடுத்த வாரம் புள்ளி சேர்த்துக்கொள்ளலாம், இங்கே அந்தப் பேச்சே இல்லை.

ஏன் இப்படி என்றால், கப்தான் மூத்தது. 1871-ல் தொடங்கியது, லீக் வந்ததே 1888-ல்தான். நிறைய அணிகள் இருக்கும்போது குறைந்த ஆட்டங்களில் முடிவு தெரிய நாக்-அவுட்தான் சுலபம், ஒவ்வொரு சுற்றிலும் பாதிப் பேர் காலி.

வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ லீவு நாளில் நடக்கும் ஏரியா டோர்னமென்ட் மாதிரிதான்: சீட்டுக் குலுக்கலில் எல்லா டீமும் ஒன்று, முதல் ஆட்டத்திலேயே போன வருஷம் கப் தூக்கிய டீம் மாட்டினாலும் ஆடித்தான் ஆகணும். ஒரே வித்தியாசம், இங்கிலாந்து லீக்குகளில் உச்சப் பிரிவான பிரீமியர் லீக் அணிகள் மூன்றாவது சுற்றில்தான் உள்ளே வரும், அதுவரை சின்ன கிளப்புகள் முட்டி மோதி மேலே ஏறி வரணும். அப்படித்தான் 2021 ஜனவரியில் எட்டாம் அடுக்கு கிளப்பான மெரைன், பிரீமியர் லீக் அணியான டாட்டனத்தைத் தன் சொந்த மைதானத்திலேயே சந்தித்தது. மைதானத்தின் எல்லைக்கோட்டை ஒட்டி வீடுகளின் வேலி, ஜனங்கள் தங்கள் தோட்டத்தில் நின்றபடியே அப்போதைய டாட்டனம் பயிற்சியாளர் மொரின்யோவின் ஆட்களைப் பார்த்தார்கள். 5-0 தோல்விதான், ஆனாலும் எனக்கு ஃபைனலைவிட இந்த மாதிரி ஆட்டம்தான் பிடிக்கும்.

அப்புறம், கப் ஜெயித்த அணிதான் நாட்டின் சாம்பியன் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள், ஆனால் அந்தப் பட்டம் பிரீமியர் லீக்கில் முதலிடம் பிடிப்பவர்களுக்கு: 2013-ல் மான்செஸ்டர் சிட்டியை வீழ்த்திக் கப் வாங்கிய விகன், மூன்றே நாளில் பிரீமியர் லீக்கிலிருந்து கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது.