டோல்கேட் பஸ் ஸ்டாப்பில் வந்த மயக்கம்

கேள்வி: என் மகளுக்கு 26 வயது. 4 வயதில் 'ஃபாலோ டெட்ராலஜி' என்று சொல்லி, இதய ஓட்டையை அடைத்து ஆபரேஷன் செய்தார்கள். நன்றாக இருந்ததால் 12 வருஷமாக டாக்டரிடம் போகவில்லை. ஆறு மாதமாகப் படபடப்பு. இடது மார்பில் சுருக்கென்று குத்துகிறது. ஈசிஜியில் 'ரைட் பண்டில் பிராஞ்ச் பிளாக்', கியூஆர்எஸ் 152 என்று வந்திருக்கிறது. 180 தாண்டினால் திடீர் மரணம் என்று நெட்டில் ஏதோ ஆராய்ச்சியைப் படித்துவிட்டு மகன் பயமுறுத்துகிறான். எதிர்வீட்டு அக்காவின் பிரஷர் மாத்திரையில் பாதியைப் பத்து நாளாகக் கொடுக்கிறேன். போன மாதம் டோல்கேட் பஸ் ஸ்டாப்பில் "நெஞ்சு அடிச்சுக்குதும்மா" என்றவள் அப்படியே விழுந்துவிட்டாள், வெயில்தான். ராத்திரியெல்லாம் மூச்சு விடுகிறாளா என்று பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.
- ஒரு தாய், காசிமேடு

பதில்: வெயில்தான் என்று யார் முடிவு செய்தது?

வெயில் மயக்கம் சொல்லிவிட்டு வரும். கண் இருட்டும், வியர்க்கும், குமட்டும்; உட்கார ஓர் இடம் தேடவாவது நேரம் கிடைக்கும். நெஞ்சு படபடவென்று அடித்து, அடுத்த நொடி ஆள் கீழே கிடந்தால், அதுவும் சின்ன வயதில் இதயத்தைத் திறந்து தைத்தவர் என்றால், இதயத் தாளம் கெட்டது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வோம். இல்லை என்று பரிசோதனை சொல்லட்டும், வெயில் சொல்ல வேண்டாம். இன்றே கூட்டிப் போங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தூரம்தான். மறுபடி மயங்கினால் 108-ஐக் கூப்பிடுங்கள், ஆட்டோ தேடாதீர்கள்.

ஏன் இந்த அவசரம்? ஃபாலோ டெட்ராலஜி என்பது பிறவியிலேயே வரும் இதயக் கோளாறு. அதற்கான ஆபரேஷனில் ஓட்டையை அடைப்பதோடு, நுரையீரலுக்கு ரத்தம் போகும் குறுகிய வழியையும் அகலப்படுத்துவார்கள். பலருக்கு அங்குள்ள வால்வு அதன் பிறகு ஒழுக ஆரம்பிக்கும். ஒழுகிய ரத்தம் திரும்பத் திரும்ப வந்து விழ, வலது கீழறை வருஷக்கணக்கில் மெல்ல வீங்கும். வெளியே ஒரு தொந்தரவும் தெரியாது. நீங்கள் நிம்மதியாக இருந்த அந்த 12 வருஷமும் இது நடந்துகொண்டிருந்திருக்கலாம். வீங்கிய தசையும் பழைய தையல் தழும்பும் சேர்ந்தால், மின்னோட்டம் தழும்பைச் சுற்றியே ஓடத் தொடங்கும். அந்த ஓட்டம்தான் ஆளைக் கீழே தள்ளும்.

உங்கள் மகன் படித்தது உண்மையான ஆராய்ச்சிதான். லண்டனில் மைக்கேல் கட்சூலிஸ் குழு 1995-இல் வெளியிட்டது: ஈசிஜியில் கியூஆர்எஸ், அதாவது இதயத்தின் கீழறைகளில் மின்னோட்டம் பரவ எடுக்கும் நேரம், 180 மில்லிசெகண்டை எட்டினால் ஆபத்தான தாளக்கேடு வரும் வாய்ப்பு அதிகம் என்றது. 2000-இல் அதே குழுவினர் ஆறு மையங்களில் ஆபரேஷன் ஆன 793 பேரைத் தொடர்ந்து பார்த்து எழுதினார்கள். திடீரென இறந்தவர்கள் 16 பேர். அந்த ஆபத்துக்குப் பின்னால் முக்கியமாக இருந்தது இதே வால்வு ஒழுகல். தம்பி இதையும் படித்திருந்தால் வீட்டில் பாதி அழுகை குறைந்திருக்கும். 152 என்பதால் நிம்மதியாகத் தூங்கலாம் என்றும் அர்த்தமில்லை. மயங்கி விழுந்தவருக்கு 152 கேடயம் ஆகாது.

'பிளாக்' என்றதும் ரத்தக்குழாய் அடைப்பு என்று பயந்திருப்பீர்கள். இது மின்பாதையில் வரும் தாமதம். இந்த ஆபரேஷன் ஆனவர்களில் பெரும்பாலோர் ஈசிஜியில் இருக்கும். இடது மார்பின் சுருக் குத்தலையும் டாக்டரிடம் சொல்லுங்கள்; ஆனால் இப்போது பெரிய கவலை அது இல்லை, மயக்கம்தான்.

மாத்திரை விஷயத்தில் எனக்குக் கோபம்தான். படபடப்புக்கும் கொடுக்கிற சில பிரஷர் மாத்திரைகள் நாடித்துடிப்பை இறக்கிவிடும். ஈசிஜியில் தெரிய வேண்டியதையும் மறைக்கும். எதிர்வீட்டு அக்காவுக்கு எழுதிய டாக்டர் உங்கள் மகளைப் பார்த்தா எழுதினார்? அட்டையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். நிறுத்துவதா வேண்டாமா என்பதை அவர்கள் சொல்லட்டும்.

அங்கே எக்கோ என்ற இதய ஸ்கேனும், ஹோல்டர் என்று 24 மணி நேரம் மாட்டிவிடும் ஈசிஜியும் எடுப்பார்கள். இதய எம்ஆர்ஐ தேவைப்படலாம். தாளத்தைக் கெடுக்கும் மின்பாதையைக் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியே சுட்டு அடைக்கலாம், ஒழுகும் வால்வை மாற்றலாம், ஆபத்து அதிகமென்றால் அதிர்வு கொடுத்துத் தாளத்தைத் திருத்தும் கருவியைத் தோலுக்கடியில் வைக்கலாம். நீங்கள் விழித்திருந்து மூச்சை எண்ணுவதால் இதில் எதுவும் நடக்காது.

போகும் முன் பீரோவில் அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடுங்கள். 'டிரான்ஸ்ஆனுலர் பேட்ச்' என்று அதில் இருந்தால், வால்வு வளையத்தைக் குறுக்கே வெட்டி ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.