படத்தில் மின்னும் வாள் விளையாட்டிலும் மின்னுமா?

கேள்வி: நண்பர்களுக்காக மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா (கணினியில் ஓடும் வகை) சர்வர் ஒன்று நடத்துகிறேன், பதிப்பு 1.21.4. முப்பரிமாண வாள், கோடரி, தொப்பி மாடல்கள் அடங்கிய தொகுப்பு ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. எல்லா வெர்ஷனிலும் ஓடும் என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?

பதில்: அந்த ‘எல்லா வெர்ஷனிலும்’தான் இடிக்கிறது. 1.14 முதல் ஒரு பொருளுக்கு ‘கஸ்டம் மாடல் டேட்டா’ என்று ஓர் எண் கொடுத்து, அந்த எண் வந்தால் இந்த உருவத்தைக் காட்டு என்று ரிசோர்ஸ் பேக்கின் (விளையாட்டின் தோற்றத்தை மாற்றும் கோப்புத் தொகுப்பு) மாடல் கோப்பில் எழுதிவைப்பது வழக்கம். 2024 டிசம்பரில் வந்த 1.21.4 அந்த எழுத்து முறையையே எடுத்துவிட்டது. இப்போது அந்த விவரமெல்லாம் ‘ஐட்டம்ஸ்’ என்ற தனி ஃபோல்டரில் இருக்க வேண்டும். பழைய முறையில் மட்டும் செய்த பேக்கைப் போட்டால், விளையாட்டிலுள்ள காகிதம் என்ற பொருளுக்கு உருவம் மாற்றிச் செய்த வாள் வெறும் காகிதமாகவே கையில் நிற்கும். விளையாடுபவருக்கு எந்த எச்சரிக்கையும் வராது. எனவே உங்கள் பதிப்பின் பெயரைச் சொல்லி, அதில் ஓடுகிற வீடியோவைக் கேளுங்கள்.

வீடியோ என்றால் விளையாட்டுக்குள் எடுத்தது. விளம்பரப் படங்கள் பெரும்பாலும் வேறு மென்பொருளில் ஒளியமைத்து எடுத்தவை, அந்தப் பளபளப்பு விளையாட்டில் கிடைக்காது. வலது கை, இடது கை, தரை, சட்டகம், சரக்குக் கட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் அளவும் கோணமும் தனித்தனியாக அமைக்க வேண்டும். அவசரமாகச் செய்த மாடலில் கைப்பிடி உள்ளங்கையை விட்டு விலகி மணிக்கட்டுக்குள் புகுந்திருக்கும், கட்டத்திலோ வாள் குண்டூசி மாதிரி தெரியும். இதைச் சோதிக்க அரை நிமிட வீடியோ போதும். தர மறுத்தால், அங்கேயே விட்டுவிடுங்கள்.

அடுத்து, மாடல் செய்யும் மென்பொருளான பிளாக்பெஞ்சின் மூலக் கோப்பு வருமா என்று கேளுங்கள். பிளாக்பெஞ்ச் இலவசம்தான். மூலக் கோப்பு கையில் இருந்தால் அடுத்த பதிப்பு மாறும்போது நீங்களோ வேறொருவரோ சரிசெய்துகொள்வது சுலபம். ஐட்டம்ஸ்ஆடர், நெக்ஸோ போன்ற பிளகினுக்கான (சர்வரில் கூடுதலாகச் சேர்க்கும் நிரல்) அமைப்புக் கோப்புகளும் உண்டா என்று பாருங்கள். அந்த பிளகின்களுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும் என்பதை விற்பனைப் பக்கத்தில் பலர் சொல்வதே இல்லை.

‘உங்களுக்கு மட்டுமே’ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் யோசியுங்கள். பேக் ஒவ்வொரு ஆட்டக்காரரின் கணினியிலும் இறங்குகிறது, தெரிந்தவர் பிரித்து எடுத்துவிடுவார். நீங்கள் வாங்குவது அவர் வேறு யாருக்கும் விற்கமாட்டார் என்ற வாக்கை மட்டும்தான். அதையும் எழுத்தில் வாங்குங்கள். எத்தனை சர்வரில் போடலாம், மாற்றியமைக்கலாமா என்பதும் அதிலேயே இருக்கட்டும். டவுன்லோடு ஆன கோப்புக்குப் பணம் திரும்பக் கிடைப்பது அபூர்வம். தனிச் செய்தியில் பேரம் பேசி நேராகப் பணம் அனுப்பினால் புகார் சொல்லக்கூட இடம் இருக்காது.

கேள்வி: என் தம்பி பெட்ராக் பதிப்பில் (கைபேசி, கன்சோலிலும் ஓடும் மைன்கிராஃப்ட்) ஜாவா சர்வர் ஒன்றுக்குள் போகிறான். அங்கே ‘தாக்கும் சக்தி அதிகம்’ என்று ஒரு முப்பரிமாண வாளைக் காசுக்கு விற்கிறார்கள். வாங்கித் தரலாமா?

பதில்: வேண்டாம். தோற்றத்தை மட்டும் மாற்றும் பொருள்களை விற்கலாம், காசு கொடுத்தவருக்குச் சண்டையில் கூடுதல் பலம் தரும் பொருளை விற்கக் கூடாது என்பது மைன்கிராஃப்டை உருவாக்கிய மொஜாங் நிறுவனத்தின் விதி. விதியை மீறி விற்கிற இடம் எத்தனை நாள் ஓடுமோ தெரியாது. வாள் அந்த சர்வரோடு சரி, வேறெங்கும் கொண்டுபோக முடியாது. இன்னொன்று: ஜாவா ரிசோர்ஸ் பேக்கை பெட்ராக் அப்படியே படிக்காது. சர்வர்காரர் தனியாக மாற்றித் தந்திருந்தால் ஒழிய, தம்பியின் திரையில் அந்த வாள் சாதாரணப் பொருளாகத்தான் தெரியும்.