நாற்றோடு சேர்ந்து வீடு வீடாகப் போகும் வாடல்

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கத்தில் எங்கள் ஊரில் ஆறு பெண்கள் சேர்ந்து, வீட்டுத்தோட்டம் செய்ய விரும்புகிறவர்களுக்கு இலவசமாக நாற்றும் ஆலோசனையும் கொடுத்து வருகிறோம். போன மாரிக்கு ஒரே நாற்றுமேடையில் தக்காளி, கத்தரி, மிளகாய் போட்டு 40 வீடுகளுக்குப் பங்கிட்டோம். பூத்துப் பிஞ்சு பிடிக்கிற நேரத்தில் தக்காளி பச்சையாகவே வாடிச் செத்தது. பிறகு கத்தரி. மிச்சமாக நிற்கிற கத்தரியும் இப்போது ஒன்றொன்றாகப் போகிறது. சாம்பல், சுண்ணாம்பு, மீன் கழுவின தண்ணீர், கடையில் தந்த பங்கசு மருந்து எல்லாம் போட்டுப் பார்த்தோம். செத்த கன்றுகளைக் கூட்டெருக் குழியில் போட்டுவிட்டோம். காலபோகத்துக்கு (மாரிப் பயிர்ச்செய்கைக்கு) மறுபடியும் நாற்றுப் போட வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, நீங்கள் சொல்கிற அடையாளங்கள் பற்றீரியா வாடலைத்தான் காட்டுகின்றன. ஆனாலும் ஊகத்தில் ஒரு முடிவுக்கும் வர வேண்டாம். வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் சோதித்துப் பார்க்கலாம்.

அன்றைக்கு வாடத் தொடங்கிய கன்று ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். காய்ந்து போன கன்று உதவாது. நிலத்துக்குச் சற்று மேலே தண்டில் ஐந்தாறு சென்ரிமீற்றர் துண்டு ஒன்றைக் கூரான கத்தியால் வெட்டுங்கள். கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீர் எடுத்து, துண்டின் மேற்பக்கத்தில் ஈர்க்கு ஒன்றைக் குத்தி, அதைக் கிளாசின் விளிம்பில் குறுக்கே வையுங்கள். அடி நுனி மட்டும் தண்ணீரில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கிளாசை அசைக்காமல் வெளிச்சத்துக்கு நேரே பாருங்கள். வெட்டுவாயிலிருந்து வெள்ளையாக, பால் நூல் போல் ஒன்று நேரே கீழே இறங்கினால் அது பற்றீரியாதான். ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்பது அதன் பெயர். வேரில் உள்ள காயத்தால் உள்ளே போய், தண்ணீர் ஏறுகிற குழாய்களில் பெருகி அவற்றை அடைத்துவிடும். மண்ணில் ஈரம் இருந்தும் கன்று வாடுவது அதனால்தான். மேலே தெளிக்கிற மருந்து அந்தக் குழாய்க்குள் போய்ச் சேராது. பங்கசு மருந்து பற்றீரியாவைக் கொல்வதுமில்லை. இந்த நோய் பிடித்த கன்றைக் குணமாக்க மருந்து கிடையாது. இனி அதற்கென்று காசு செலவழிக்காதீர்கள்.

நூல் இறங்காவிட்டால் கன்றை வேரோடு கிளப்பிப் பாருங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது வட்டப்புழு. அந்தக் கன்று மத்தியானம் வாடிப் பின்னேரம் நிமிரும். தண்டின் அடியில் வெள்ளைப் பூஞ்சணமும் கடுகு அளவில் கபில நிற மணிகளும் இருந்தால் அடித்தண்டு அழுகல். கீழ் இலைகள் மஞ்சளாகி ஒரு பக்கமாகவே வாடிக்கொண்டு வந்தால் பியூசேரியம் வாடல். கோடையில் வன்னி மண்ணில் கறையானும் வேரைத் தின்று கன்றை விழுத்தும். அதற்கு வேரில் மண்பூச்சும் தின்ற தடமும் தெரியும். இவை ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு.

நாற்பது வீட்டுக்கும் எப்படிப் போயிற்று என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: ஒரே நாற்றுமேடை. மேடை மண்ணில் கிருமி இருந்தால், நல்ல பச்சையாக நிற்கிற நாற்றின் வேரிலும் அதில் ஒட்டியிருக்கிற பிடி மண்ணிலும் அது போகும். மாரி ஈரமும் சூடும் சேர்ந்ததும் தலைகாட்டும். ஆகவே முதலில் மாற வேண்டியது வளவுகள் அல்ல, உங்கள் மேடை.

புதிய மேடைக்கு, ஏற்கெனவே தக்காளி, கத்தரி, மிளகாய், கச்சான் (நிலக்கடலை) போட்ட இடம் வேண்டாம். கச்சானிலும் இந்தக் கிருமி இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1 மீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் உயரம் வைத்து, மேல்மண், நன்றாக உக்கிய மாட்டெரு, மணல் மூன்றையும் சம அளவில் கலந்து மேடை கட்டுங்கள். பிறகு மண்ணை நனைத்து, மேலே 5 சென்ரிமீற்றர் கனத்துக்கு வைக்கோல், அதன்மேல் அதே கனத்துக்கு உமி, மறுபடி வைக்கோல், மறுபடி உமி என்று பரவி எரியுங்கள். இரண்டும் வன்னியில் தட்டுப்பாடில்லாத சாமான்கள். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்த முனையில் தீ வையுங்கள். அப்போதுதான் தீ காற்றுக்கு எதிராக மெல்ல ஊர்ந்து, சூடு மண்ணுக்குள் இறங்கும். மற்ற முனையில் வைத்தால் வைக்கோல் பற்றிப் பறந்துவிடும், மண் சுடாது. சோளகக் காற்று வீசுகிற நாட்களில் விடியற்காலையில், வேலிக்கும் கிடுகுக் கூரைக்கும் தள்ளி, இரண்டு வாளி தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இப்போதே தொடங்க முடியுமென்றால் வெயிலையும் பயன்படுத்தலாம். நனைத்த மேடையை நிறமில்லாத பொலித்தீனால் இறுக்கமாக மூடி, ஓரங்களை மண்ணில் புதைத்து நான்கு முதல் ஆறு வாரம் விடுங்கள். கறுப்புப் பொலித்தீன் அந்தளவு சூட்டைக் கீழே விடாது. ஆடி, ஆவணி வெயில் இதற்கு நல்ல காலம். இதனால் மேல் மண்ணில் கிருமி வெகுவாகக் குறையும். ஆழத்தில் இருப்பது சாகாது. அதனால் நோய் வந்த வளவுகளுக்கு இதை மருந்தாக நினைக்க வேண்டாம், நாற்றுமேடைக்கு மட்டும் போதும்.

புரட்டாசியில் விதை போடுங்கள். தக்காளி மூன்று வாரத்தில் நடத் தயாராகும், கத்தரிக்கும் மிளகாய்க்கும் நான்கைந்து வாரம் வேண்டும். மேடையில் இருந்து பிடுங்கும்போது வேர் அறுகிறது, கிருமிக்கு அதுதான் வாசல். பத்திரிகைத் தாளைச் சுருட்டிச் சிறு கோப்பைகள் செய்து, சுட்ட மண் நிரப்பி, அதில் வளர்த்தால் கோப்பையோடு நடலாம். சில வீடுகளுக்கு நாற்றுக்குப் பதிலாக விதையையே கொடுப்பது இன்னும் நல்லது.

நோய் கண்ட வளவுகளில், வாடிய கன்றை வேரைச் சுற்றிய மண்ணோடு கிளப்பி உரப்பையில் போட்டு வெளியே கொண்டுபோய், காய வைத்து எரியுங்கள். கூட்டெருக் குழியில் போட்டது எங்களுக்குக் கவலை தருகிறது. வீட்டுக் குழி எல்லா இடமும் ஒரே சீராகச் சூடேறுவதில்லை, கிருமி அதில் தப்பிவிடும். அந்த எருவைத் தக்காளிக்கோ கத்தரிக்கோ போட வேண்டாம், வேறு வீட்டுக்கும் கொடுக்க வேண்டாம். அந்த வளவிலேயே வாழையைத் தவிர்த்து முருங்கை, தென்னை அடிக்குப் போட்டு முடியுங்கள்.

அந்த நிலத்தில் குறைந்தது மூன்று வருடத்துக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய், கச்சான், இஞ்சி வேண்டாம். பயிற்றை, வெண்டி, சோளன், பாகல், புடோல், வெங்காயம் என்று மாற்றுங்கள். மணித்தக்காளி போன்ற களைகளையும் விடாதீர்கள், கிருமி அவற்றில் குடியிருக்கும். மேட்டு வளவில் விட்ட தண்ணீர் பள்ளத்து வளவுக்கு ஓடாதபடி வரம்பு கட்டி, வாய்க்காலுக்குப் பதிலாகக் கன்றுக்குக் கன்று அளந்து ஊற்றுங்கள்.

தக்காளி இல்லாமல் இருக்க முடியாத வீட்டுக்கு உரப்பை இருக்கிறது. அடியில் நான்கைந்து துளை போட்டு, 15 கிலோவுக்குக் குறையாமல் சுத்தமான கலவை நிரப்பி, மூன்று கல்லின் மேல் தூக்கி வையுங்கள். நிலத்தில் வைத்தால் வேர் துளையால் இறங்கி மறுபடி அதே மண்ணைத் தொடும். கத்தரிக்கு இன்னொரு வழி, நோயைத் தாங்குகிற சுண்டங்கத்தரி நாற்றில் ஒட்டுவது. சுண்டங்கத்தரி மெதுவாக வளர்வதால் அதன் விதையைக் கத்தரிக்கு நான்கைந்து வாரம் முந்திப் போட வேண்டும். அடிக்கட்டையில் செங்குத்தாகப் பிளந்து, கத்தரி நுனியை ஆப்பு வடிவில் சீவிச் செருகி, கட்டி, பொலித்தீன் பையால் மூடி, பத்து நாள் நிழலில் வைத்தால் பிடித்துவிடும்.

உங்கள் ஆறு பேருக்கும் தனியாக ஒரு வேண்டுகோள். வீடுகளைப் பார்க்கப் போகிற நாளில் நோயில்லாத வளவுகளுக்கு முதலில் போய், நோயுள்ள வளவைக் கடைசியாக வையுங்கள். ஒரே மண்வெட்டியை வீடு வீடாகக் கொண்டுபோனால், மண் போகக் கழுவி, ஒரு பங்கு வெளிற்றும் திரவத்துக்கு (பிளீச்) ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊற வைத்துப் பிறகு அலசுங்கள். செருப்பின் அடிமண்ணையும் தட்டிக் கழுவுங்கள். எந்த மேடை நாற்று எந்த வீட்டுக்குப் போனது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த முறை ஒரு மேடையில் கிருமி வந்தாலும் அதை வாங்கிய வீடுகளை உடனே எச்சரிக்கலாம். மாதர் சங்கக் கூட்டத்தில் அந்தக் கிளாஸ் சோதனையை எல்லோர் முன்னும் செய்து காட்டுங்கள். இந்த நோயைப் பொறுத்தவரை அதைவிடப் பயனுள்ள பாடம் வேறில்லை.

பால் நூல் வந்த தண்டின் மீதியைத் தனியாக ஒரு பையில் கட்டி, கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். வாடலைத் தாங்குகிற தக்காளி, கத்தரி வகைகளில் இந்தப் போகத்துக்கு எந்த விதை கையிருப்பில் உண்டு என்றும் அப்போதே கேளுங்கள். போக முடியாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.