மூலையில் என்ன வேலை?

கேள்வி: எப்போதாவதுதான் என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) ஆட்டம் பார்ப்பேன். பந்து வேறெங்கோ இருக்க, இரண்டு பேர் மட்டும் மூலையில் சும்மா நிற்கிறார்களே?
- தஞ்சாவூர் வாசகர்

பதில்: நிற்பதே அவர்கள் வேலை! மூன்று புள்ளிக் கோடு (இதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி, உள்ளிருந்து போட்டால் இரண்டு) கூடைக்கு நேரெதிரே 7.24 மீட்டரில் இருக்கிறது; மூலையில் 6.70தான். தூரம் குறைவு, புள்ளி அதே மூன்று. எதிரணிக் காவல்காரர் மூலையில் நிற்பவரை விட்டு, கூடையை நோக்கிப் பாய்பவரை மறிக்கப் போனால் பந்து மூலைக்குப் பறக்கும்; போகாவிட்டால் கூடைக்கடியில் சுலபமாக இரண்டு புள்ளி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

ஆனால் மூலையில் இடம் நெருக்கடி. மூன்று புள்ளிக் கோட்டுக்கும் எல்லைக்கோட்டுக்கும் நடுவே சுமார் 90 செ.மீ.தான். பந்தைப் பிடிக்கும்போது குதிகால் எல்லைக்கோட்டில் பட்டால் பந்து எதிரணிக்கு. முன்கால் நுனி மூன்று புள்ளிக் கோட்டை மிதித்து எறிந்தால் இரண்டே புள்ளி. அதனால்தான் பந்து வருமுன்பே காலை ஊன்றி, முழங்காலை மடக்கித் தயாராக நிற்கிறார்கள்.

கேள்வி: என்.பி.ஏ. நட்சத்திர வீரர் ஸ்டீபன் கரியும் இப்படித்தானா?
- அதே வாசகர்

பதில்: அவர் ஓரிடத்தில் நின்றால்தானே! 2015-16 லீக் ஆட்டங்களில் 402 மூன்று புள்ளிக் கூடைகள் போட்டார். பலவும் கோட்டுக்கு வெகு வெளியிலிருந்து. அவருடைய அணியான கோல்டன் ஸ்டேட் 73 ஆட்டங்களில் ஜெயித்தும், கோப்பை என்னவோ கிளீவ்லாண்டுக்குத்தான் போனது.